ஈசலும் இறாலும்

2024 ஜூலையில் சிங்கப்பூர் அரசு 16 வகைப் பூச்சிகளை மனிதர்கள் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ரோச் பூங்காவில் சாயங்காலம் கூடும் எங்கள் பென்ஷன்காரர் கூட்டத்தில் ஒருவர் அந்தச் செய்தியைச் செல்போனில் உரக்க வாசித்தார். வாசித்து முடிக்கும் முன்பே நாலு பக்கமும் "சீ, சீ" என்றார்கள். ஒருவர் எழுந்து போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். "கலி முத்திப் போச்சு வே" என்றார் இன்னொருவர். அன்று மத்தியானம் அவர் வீட்டில் இறால் தொக்கு. வந்து உட்கார்ந்ததும் அவர் எங்களுக்குச் சொன்ன முதல் சேதியே அதுதான்.

நான் கேட்டேன்: "ஏன் வே, நம்ம ஆச்சிமார் ஈசல் வறுத்துக் கொடுத்ததெல்லாம் மறந்து போச்சா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அதெல்லாம் பட்டிக்காட்டு ஆளுக தின்னது அண்ணாச்சி" என்றார். அவர் பிறந்தது ஒட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம். ஈசல் பொரி தின்னாமல் அந்தத் தலைமுறையில் அங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. அவர் மறக்கவில்லை, மறைக்கிறார். இந்த மறைப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பேரன் பேத்திகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களுக்காக ஈசல் பிடிப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈசல் என்பது தனிப் பூச்சி அல்ல, சிறகு முளைத்த கரையான். நல்ல மழை பெய்து மண் நனைந்து, காற்று அடங்கி, புழுக்கமாக இருக்கும் பொழுதில் புற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பும். பறந்து, இணை சேர்ந்து, சிறகை உதிர்த்துவிட்டுப் புதுப் புற்று கட்ட மண்ணுக்குள் போக வேண்டும். அது அவற்றின் கணக்கு. நூற்றில் ஒன்று கூடப் போய்ச் சேராது. காக்கா, மைனா, பல்லி, ஓணான், தவளை, நாய், கோழி என்று சகலமும் அன்றைக்குக் காத்திருக்கும். நாங்களும் காத்திருப்போம்.

கரிசல் காட்டில் எந்தப் புற்றில் எந்த மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் என்பதைச் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் உண்டு. புற்றின் ஈரம், வாயில் புதிதாகத் திறந்திருக்கும் கண்கள், அங்கே காவல் நிற்கும் கரையானின் நடமாட்டம் இவற்றைப் பார்த்தே "இன்னைக்கு ராத்திரி" என்று சொல்லிவிடுவார்கள். புற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, உள்ளே அரிக்கேன் விளக்கை வைத்து, மேலே பழைய சேலையையோ சாக்கையோ கூடாரம் போலப் போட்டு மூடுவார்கள். வெளிச்சத்துக்கு வந்து முட்டிய ஈசல் குழிக்குள் விழும். கடகத்தில் அள்ளி வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பெண்கள் வேலை தொடங்கும். லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து, சுளகில் போட்டுப் புடைத்தால் சிறகெல்லாம் தனியே பறந்துவிடும். மிஞ்சுவதை வறுத்து, வறுத்த அரிசியோடும் பொரிகடலையோடும் கலந்து பனையோலைக் கொட்டானில் போட்டுத் தருவார்கள். வெயிலில் உலர்த்திப் பானையில் கட்டி வைப்பதும் உண்டு. கொழுப்பும் புரதமும் உள்ள பண்டம். எங்களுக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. முந்திரிப்பருப்புக்கும் பொரித்த நெத்திலிக்கும் இடையில் ஒரு ருசி என்று வேண்டுமானால் சொல்லலாம். அதிகம் தின்றால் வயிற்றால் போகும் என்று ஆச்சி அளந்துதான் போடுவாள்.

இதைப் பஞ்சத்தில் தின்றது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேறு வழியில்லாமல் தின்றதை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்பார்கள். பஞ்சத்துக்குத் தின்ற பொருள்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஈசல் அந்தக் கணக்கில் வராது. பஞ்சம் மழை பொய்த்தால் வருவது. ஈசல் மழை பெய்தால் வருவது. விதைத்துவிட்டு மனம் நிறைந்திருக்கிற நேரத்துப் பண்டம் அது.

நம்பாதவர்கள் புறநானூற்றின் 119-ஆம் பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். பாரியின் பறம்பு நாடு அழிந்த துக்கத்தில் கபிலர் பாடியது. அந்த நாட்டின் வளத்தை எண்ணி ஏங்கும்போது மழைக்காலத்தில் செம்மண் புற்றிலிருந்து வந்த ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்புக் கறியைச் சொல்கிறார் அவர். போய்விட்ட செழிப்புக்கு அடையாளமாக ஒரு பெரும்புலவர் சொன்னது ஈசல் கறி! அகநானூற்றில் 394-ஆம் பாட்டு இன்னும் விவரமானது. ஆட்டுத் தயிர், குத்தித் தீட்டிய வரகரிசி, ஈரப் புற்றிலிருந்து எடுத்த ஈசல் எல்லாம் சேர்த்துச் சமைத்த சூடான புளிச்சோறு, அதன் மேல் உருகுகிற பசு வெண்ணெய். விருந்துக்குச் சொல்கிற பக்குவம் இது. சோற்றுக்கே வழியில்லாதவன் வெண்ணெய்க்கு எங்கே போவான்? சங்கப் பாட்டை மேடையில் முழங்குகிற நம் ஆட்கள் யாரும் இந்த இரண்டு பாட்டையும் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாரியின் தேர் கிடைத்தது, முல்லைக்கொடி கிடைத்தது, ஈசல் கறி கிடைக்கவில்லை. வாத்தியார்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அருவருப்பு என்பது நாக்கில் பிறப்பதில்லை. தவழ்கிற குழந்தையைப் பாருங்கள். தரையில் ஊர்கிற எறும்பைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும். "ச்சீ, துப்பு" என்று நாம்தான் ஓடுகிறோம். அதில் பாதி பாதுகாப்பு. மீதிப் பாதி, நாம் யார், அவர்கள் யார் என்று பிரித்துக் காட்டும் பாடம். எதைத் தின்கிறான் என்று கேட்டு ஆளை அளப்பது நம் நாட்டில் ரொம்ப நாள் வழக்கம். ஈசல் தின்பவன், எலி தின்பவன், நத்தை தின்பவன் என்று சொன்னால் அதற்குள் சாதி இருக்கிறது, தொழில் இருக்கிறது, குடியிருக்கும் தெரு இருக்கிறது. படித்து, வேலை கிடைத்து, டவுனுக்கு வந்து வீடு கட்டியவர்கள் முதலில் உதறிய பண்டங்களில் ஈசலும் ஒன்றாகப் போனது இதனால்தான். ருசி மாறி விட்டதால் உதறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே என்று உதறினார்கள்.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கருவாட்டுக்காக நாம் பட்ட பாடு போதாதா? 1978-இல் மதுரையில் ஆறு மாதம் தங்க வேண்டி வந்தபோது வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில், "தூத்துக்குடியா? கருவாடு வறுப்பீங்களே" என்று சொல்லிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார் வீட்டுக்காரர். என் மனைவி அந்த ஆறு மாதமும் வேறு வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் மீன்குழம்பு வைத்தாள். இந்த அவமானத்தைத் தின்றவர்கள் இன்னொருவன் தட்டைப் பார்த்துக் காறித் துப்பினால் எனக்குப் பொறுக்கவில்லை.

நாம் தின்பதையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இறாலுக்குப் பத்துக் கால்கள், இரண்டு மீசை, வெளியே எலும்பாக ஓடு. நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் அதே கதைதான். அந்த ஓடு எந்தப் பொருளால் ஆனதோ அதே கைட்டினால் ஆனதுதான் வெட்டுக்கிளியின் ஓடும். பூச்சி இனமே இறாலும் நண்டும் இருக்கிற கிளையிலிருந்து பிரிந்து தரைக்கு வந்த கூட்டம் என்று இப்போது விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். தண்ணீரில் இருந்தால் தொக்கு, தரையில் இருந்தால் அருவருப்பு! உறித்துத் தின்கிறோமே என்று சமாதானம் சொல்ல முடியாது. கூனி இறாலை என்ன செய்கிறோம்? காயவைத்து, கண், கால், மீசை, குடல் என எதையும் எடுக்காமல் அப்படியே வறுத்து, தேங்காய் சேர்த்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து தின்கிறோம். அதைத் தட்டில் போட்டு ஒரு வெளியூர்க்காரனிடம் காட்டிப் பாருங்கள். பூச்சி என்றுதான் சொல்வான்.

இறாலுக்கே கூட இந்த மரியாதை எப்போதும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் அதைக் காயப்போட்டுப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் அனுப்புவார்கள். பெரிய விலை கிடையாது. 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் காலம் மாறியது. நம் ஊரிலும் ஐஸ் கம்பெனிகள் வந்தன, விசைப்படகுகள் பெருகின, இறால் கல்யாண விருந்துக்கு ஏறிவிட்டது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கி இறால் ஒரு காலத்தில் ஏழைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் போடுகிற சாப்பாடு. இன்று அங்கே அதைத் தின்னப் பை நிறையப் பணம் வேண்டும். பிராணி மாறவில்லை, தின்பவர்கள் மாறினார்கள்.

ஒரு வேடிக்கை: பழந்தமிழில் இறால் என்ற சொல்லுக்குத் தேன்கூடு என்றும் பொருள். தேனடையைக் கையால் பிழிகிறவர்கள் அதில் உள்ள புழுவையும் சேர்த்துத்தான் பிழிந்தார்கள். தேன் என்பதே பூச்சியின் வயிற்றுக்குள் போய் வந்த சரக்கு. அதை அபிஷேகத்துக்கு வைக்கிறோம்.

புழுவைப் பற்றிப் பேசும்போது சலாபத்தை விட முடியாது. நம் ஊரில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-இல். எனக்கு அப்போது பத்து வயது. பாரிலிருந்து எடுத்து வந்த சிப்பியை ஏலத்தில் எடுத்தவர்கள் அதைக் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்க்கும், புழு பிடிக்கும். புழு சதையைத் தின்று தீர்த்த பிறகு கழுவி அலசினால் முத்தெடுப்பது சுலபம். காற்று நம் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது. அந்தப் புழுக்கள் சுத்தம் செய்து கொடுத்த முத்துதான் ராஜாக்களின் கழுத்திலும் மாதா சொரூபத்தின் கிரீடத்திலும் ஏறியது. அதை யாரும் "சீ" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, மதத்துக்கு ஆகாது என்பார்களோ என்று பார்த்தால் அங்கேயும் கதை வேறு. நம் ஊர்ப் பரதவர் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும், ஸ்நாபக அருளப்பர் வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிட்டார் என்று. மத்தேயுவில் இருக்கிறது. லேவியர் நூலின் 11-ஆம் அதிகாரத்தில் வெட்டுக்கிளி வகைகளைத் தின்னலாம் என்று பெயர் சொல்லியே அனுமதி இருக்கிறது. அதே அதிகாரத்தில் செதிலும் துடுப்பும் இல்லாத கடல் பிராணி கூடாது. அதாவது அந்தச் சட்டப்படி வெட்டுக்கிளி தின்னலாம், இறால் தின்னக்கூடாது! ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இறால் வாங்கப் போகிற என் நண்பரிடம் இதைச் சொன்னேன். "அது பழைய ஏற்பாடு டே" என்று முடித்துக்கொண்டார். காயல்பட்டினத்து நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, மீனும் வெட்டுக்கிளியும் அறுக்காமலே உண்ணத் தக்கவை என்பது மார்க்கச் சட்டம் என்றார். "ஆனா எங்க ஊர்ல யாரும் தின்னு நான் பாக்கல" என்று சேர்த்துக்கொண்டார். சைவ உணவுக்காரர்கள் விஷயம் தனி. உயிரைக் கொல்லக்கூடாது என்பவர் ஆட்டையும் தொடுவதில்லை, ஈசலையும் தொடுவதில்லை. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆட்டுக் குடலை அலசித் தின்றுவிட்டு ஈசலைக் கண்டு முகம் சுளிப்பவர்களோடுதான் வழக்கு.

மருந்து என்றால் நம் ஆட்கள் எதையும் விழுங்குவார்கள், அது இன்னொரு விசித்திரம். பிள்ளைப்பூச்சி என்று ஒன்று ஈர மண்ணுக்குள் வளை தோண்டி ஓடும். குழந்தை இல்லாத பெண்களுக்கு அதை உயிரோடு வாழைப்பழத்தில் வைத்து விழுங்கக் கொடுப்பார்கள். எங்கள் உறவிலேயே ஒரு சித்திக்கு மூன்று வெள்ளிக்கிழமை கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பூச்சிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? குறை மாமாவிடம் இருக்குமோ என்று யாரும் கேட்கவில்லை. துறைமுகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவன் தன் ஊரான பம்பாங்காவில் வயலில் பிடிக்கிற ஒரு பூச்சியைப் படம் போட்டுக் காட்டினான். பூண்டும் காடியும் சேர்த்து வறுப்பார்களாம், கமாரு என்று பெயர். பார்த்தால் நம் பிள்ளைப்பூச்சி! அவன் ஊரில் பீருக்குத் தொடுகறி, நம் ஊரில் அழுதுகொண்டே விழுங்குகிற மருந்து. எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் தேசத்துக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் சிவப்பு எறும்பை உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகாய் சேர்த்து அரைத்துத் துவையல் செய்கிறார்கள். நம் மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புதான் அது. எலுமிச்சை பிழிந்தது போலப் புளிக்குமாம். 2024 ஜனவரியில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ்தரில் அதே துவையலுக்குச் சாப்டா என்று பெயர். அஸ்ஸாமில் எரி பட்டுக் கூட்டுக்குள் இருக்கிற புழுவை வீணாக்குவதில்லை, சமைத்துவிடுகிறார்கள். நாகாலாந்துச் சந்தைகளில் குளவிப் புழுவை அடையோடு விற்கிறார்கள், விலையும் கூடுதல். 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் சுமார் 200 கோடிப் பேர் பூச்சியை உணவில் சேர்க்கிறார்கள் என்றும், 1900-க்கும் மேற்பட்ட வகைகள் உண்ணப்படுகின்றன என்றும் சொன்னது. ஐரோப்பாவில் 2021-இல் மாவுப்புழுவுக்கு அனுமதி கிடைத்தது. நாம் தின்னாமலே தின்று கொண்டிருப்பதும் உண்டு. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பூசுகிற பளபளப்பில் அரக்கு இருக்கிறது, அது பூச்சி சுரப்பது. வெளிநாட்டுத் தின்பண்டங்களில் கார்மைன் என்று ஒரு சிவப்புச் சாயம் வரும். அது சப்பாத்திக் கள்ளியில் வாழும் பூச்சியை உலர்த்திப் பொடித்தது. (1926-க்குப் பிறகு நம் பக்கத்துக் காடுகளில் சப்பாத்திக் கள்ளியை ஒழித்துக் கட்டியதும் அந்த இனத்துப் பூச்சிதான்.) அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று நம் கிழவிகள் தெரிந்தேதான் சொன்னார்கள், தெரிந்தேதான் தின்றார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் எல்லோரும் நாளை முதல் சுவர்க்கோழி வறுக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பூச்சி தின்றால் உலகம் பிழைத்துவிடும் என்று படித்தவர்கள் சிலர் கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆட்டுக்கறி தின்பவன் புழுப்பொடிக்காக அதை விடமாட்டான். அந்தப் புழுவுக்கும் யாராவது தீனி போட்டாக வேண்டும். மனிதன் தின்பதைவிட மீன் தின்ன அது உதவும். ஐரோப்பாவில் 2017 முதலே ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழுவை மீன் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அந்த வழியில் சுற்றி நம் தட்டுக்கும் வந்து சேரும் என்றே நினைக்கிறேன். ஆபத்தும் உண்டு. இறால் தின்றால் உடம்பு தடித்து மூச்சு முட்டுகிறவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டிலும் ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. பூச்சிமருந்து அடித்த காட்டில் பிடித்த எதையும் வாயில் வைக்கக்கூடாது. இன்று நம் கரிசலில் மருந்து அடிக்காத காடு எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். புற்றுகளும் குறைந்துவிட்டன. பிளாட் போட்ட இடத்தில் முதலில் இடிப்பது புற்றைத்தான், அதில் பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்றாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று வருடத்துக்கு முன்பு, ஊரில் இருக்கும் என் தங்கை தன் பேரனுக்கு ஈசலும் அரிசியும் வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பையன் டவுன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. ஆசையாகத் திறந்திருக்கிறான். பக்கத்துப் பிள்ளை அலறி, வகுப்பே எழுந்து ஓடி, பெரியவர்கள் வந்து பார்த்து, டப்பாவைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டார்கள். "இதெல்லாம் மனுஷன் திங்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கேட்டது இதுதான்: "ஆச்சி, நாம மனுஷங்க இல்லையா?"

தங்கை எனக்குப் போன் போட்டு அழுதாள். அவள் அதன்பின் ஈசல் வறுக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் ஊருக்குப் போனபோது, "பிள்ளைக்கு வேண்டாம்ணே, எதுக்கு வம்பு" என்றாள். ஆயிரக்கணக்கான வருடமாக மகளுக்குத் தாய் சொல்லிக் கொடுத்து வந்த ஒரு பக்குவம் எங்கள் வீட்டில் அப்படி நின்றுபோனது. சட்டம் போட்டு நிறுத்தவில்லை, வியாதி வந்து நிறுத்தவில்லை, ஒரு கேள்வி நிறுத்திவிட்டது. இதே பண்டத்தை நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் பளபளக்கிற பையில் போட்டு, அதிகப் புரதம் என்று மேலே அச்சடித்து, நூறு கிராம் இன்ன விலை என்று விற்றால் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போவார்கள். கேழ்வரகுக்கும் கம்புக்கும் அதுதானே நடந்தது? நாம் சிறுவர்களாக இருந்தபோது கம்மங்கஞ்சி குடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டோம். இன்று அதை ஓட்டலில் மண்சட்டியில் ஊற்றி விலை போடுகிறார்கள்.

எனக்கும் இப்போது ஈசல் ஒத்துக்கொள்வதில்லை. பித்தப்பையை எடுத்தபின் கொழுப்பான எதுவும் சேர்வதில்லை. ஆனாலும் பக்குவத்தையாவது எழுதி வைக்கலாம் என்று போன கார்த்திகையில் மைனியிடம் உட்கார்ந்து கேட்டேன். 83 வயது, காது மந்தம், மற்றதெல்லாம் தெளிவு. ஈசலைப் பிடித்த ராத்திரியே சூடு காட்டிவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் கசந்துபோகும் என்றார். சட்டியில் எண்ணெய் ஊற்றக்கூடாது, அதன் கொழுப்பே போதும். அடுப்பில் பனமட்டை எரித்தால் தணலாக நிற்கும், விறகு என்றால் இழுத்துவிட்டு வறுக்க வேண்டும். சிறகைச் சுளகில் புடைக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கண்ணெல்லாம் சிறகு. அரிசியைத் தனியே பொரித்து, இரண்டும் சூடாக இருக்கும்போதே உப்புத் தண்ணீர் தெளித்துக் குலுக்க வேண்டும். கருப்பட்டி சேர்ப்பீர்களா மைனி என்று கேட்டேன். "அது மேக்க உள்ளவுக பழக்கம். நாங்க சேக்க மாட்டோம்" என்று முகத்தைச் சுளித்தார்.